கோபுரம் கட்டுமுன் கணக்கு: பிறநாட்டில் வீடு கட்டப் போகும் பிள்ளைகளைப் பற்றி

(பொதுக்காலம் 23-ஆம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறைச்சிந்தனை. நேயர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்கச் சற்று விரிவாக இங்கே அச்சிடப்படுகிறது.)



இன்றைய நற்செய்தி லூக்கா 14-ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கக் கேட்டோம். கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து, கையில் இருப்பது போதுமா என்று கணக்குப் பார்க்க மாட்டாரா என்று ஆண்டவர் கேட்கிறார். அடித்தளத்தைப் போட்டுவிட்டு மேலே கட்ட முடியாமல் நிற்பவரை ஊரார் என்ன பேசுவார்கள் என்பதையும் சொல்கிறார். வழக்கமாக இந்தப் பகுதியை எடுத்தால் சீடத்துவத்தின் விலை என்றுதான் மறையுரை ஆற்றுவோம். இன்று அதைக் கட்டட வேலையாகவே எடுத்துக்கொள்ளப் போகிறேன். காரணம், சென்ற மாதம் நம் நிலையத்துக்கு வந்த ஒரு கடிதம்.

எழுதியவர் கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த ஒரு தாய். ஊர்ப் பெயர் வேண்டாம். கணவர் கடல்தொழில் செய்கிறவர். மகள் கல்லூரியில் இறுதியாண்டு. அந்த அம்மா எழுதியதன் சாரம் இது: “சாமி, டிசம்பர் லீவுக்குக் கம்போடியா போகணும்னு பிள்ளை ஒத்தக்கால்ல நிக்கிறா. வீடில்லாத சனங்களுக்கு ரெண்டு வாரம் வீடு கட்டிக் கொடுக்கப் போறாளாம். விமான டிக்கெட்டு, விசா, அந்த நிறுவனத்துக்குக் கட்டுற பணம், எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் கேக்குறா. பாதியைப் பங்குல கேட்டு வாங்கலாம்னு சொல்றா. எங்க தெருவுலயே ஒரு விதவை அக்கா வீட்டுச் சுவரு ரெண்டு வருசத்துக்கு முந்தி மழையில விழுந்து, தார்ப்பாய் கட்டிக் கிடக்காங்க. அன்பியத்துல காசு பிரிச்சோம், பாதிக்குக்கூட வரல. அந்தப் பணத்த இங்க போட்டா சுவரு நிக்கும்ல? இவ ஒரு நாளாச்சும் அங்க போயி ஒரு சட்டி மண்ணு அள்ளிப் போட்டிருப்பாளா?”

கடிதத்தைப் படித்தவுடன் எனக்கும் தாய் சொல்வதே சரி என்று பட்டது. உங்களில் பலருக்கும் அப்படித்தான் படும். ஆனால் பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலம் ஊற்றப்பட்டபோது, இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குச் சொன்னவர் யார் என்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் நின்றேன். கணக்குக் கேட்பவர் எல்லாரும் யூதாசு அல்லர்; அந்தத் தாய் நிச்சயமாக அல்லர். என்றாலும் பணக் கணக்கு மட்டுமே கணக்கா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கடல் கடந்து போய் அடுத்தவருக்கு வீடு கட்டுவது என்கிற இந்தப் பழக்கம் எப்படி வந்தது, எதற்காக வந்தது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

இது சுற்றுலாக்காரர்கள் கண்டுபிடித்தது அல்ல. முதல் உலகப் போர் முடிந்த பின், 1920-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டில் வெர்தன் போர்க்களத்தை அடுத்த எஸ்ன் என்கிற சிற்றூரில் ஒரு சிறு குழு வந்து இறங்கியது. ஊர் முழுவதும் இடிபாடு. நிலமெல்லாம் குண்டு விழுந்த குழிகள். குழுவை அழைத்து வந்தவர் பியர் செரசோல், சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். அந்த ஊரை இடித்தது யாருடைய பீரங்கிகள் என்று ஊராருக்குத் தெரியாதா? அதே நாட்டின் பிள்ளைகள் மண்வெட்டி எடுத்துக் குழியை மூடி, தங்குவதற்குக் குடில் கட்டிக் கொடுத்தார்கள். சில மாதங்களே இது நடந்தது. ஜெர்மானியர் அங்கிருப்பதற்கு எதிர்ப்பு எழவே, குழு வெளியேற வேண்டியதாயிற்று. அன்றைக்கு அது தோல்விதான். ஆனால் பல நாட்டு இளைஞர் கூடி உடலுழைப்புத் தருகிற முகாம்களுக்கு அதுவே தொடக்கம் என்று வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. இந்தச் செரசோல்தான் 1934 ஜனவரி 15-இல் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் நம் நாட்டுக்கும் வந்தவர். நிவாரணக் குழுவை நடத்திய இராஜேந்திர பிரசாத்தோடு பேசி, முசாபர்பூர் பகுதியில் வெள்ள ஆபத்துக்கு உள்ளான கிராமங்களை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கட்டும் வேலையில், உள்ளூர்த் தொழிலாளர்களோடு சேர்ந்து நின்றார். வெள்ளைக்காரன் அதிகாரம் செய்ய வருவான் என்று மட்டுமே கண்டிருந்த காலம் அது. மண் சுமக்க வந்தவரைப் பார்த்து மக்கள் வியந்திருப்பார்கள்.

நம் திருச்சபையில் இந்தப் பணி தொடங்கிய கதை இன்னும் ஆழமானது. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தது. போலந்து, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி முதலிய நாடுகளிலிருந்து ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் விரட்டப்பட்டு, இடிந்து கிடந்த ஜெர்மனிக்குள் வந்து சேர்ந்தார்கள். போர்க்காலப் பதுங்கு அறைகளிலும் பாளையங்களிலும் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள். அவர்கள் மேல் இரக்கப்பட உலகில் யாருக்கும் மனமில்லை. போரைத் தொடங்கியவர்கள் நீங்கள்தானே, அனுபவியுங்கள் என்பதே எங்கும் பேச்சு.

பெல்ஜியம் நாட்டில் தோங்கர்லோ என்ற இடத்தில் நோர்பர்ட் துறவியரின் மடம் ஒன்று உண்டு. அதில் வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்கிற இளம் குரு இருந்தார். ஹாலந்துக்காரர்; 1913-இல் பிறந்தவர்; கடினமான பணிக்கு உடல் தாங்காது என்று கருதப்பட்டவர். 1947 கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவையொட்டி மடத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பெத்லகேமில் திருக்குடும்பத்துக்குச் சத்திரத்தில் இடமில்லாமல் போனதை, அந்தப் பாளையங்களில் கிடந்த ஜெர்மானியர்களோடு இணைத்து எழுதினார். ஜெர்மனி ஆக்கிரமித்து, சுட்டு, பட்டினி போட்ட நாட்டு மக்களிடம் ஜெர்மானியர்களுக்காகக் கையேந்தினார் என்றால் அந்தத் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். குடியானவர்களிடம் காசு இல்லை, ஆனால் பன்றி வளர்த்தார்கள். எனவே உப்பிட்ட பன்றிக் கொழுப்பைக் கேட்டு வாங்கினார். டன் கணக்கில் சேர்ந்தது. அவருக்கே ‘பன்றிக்கொழுப்புச் சாமியார்’ என்று செல்லப்பெயர் வந்துவிட்டது. விங்க்ட் என்றொரு ஊர். 1940 மே மாதத்தில் ஜெர்மன் படையினர் அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றிருந்தார்கள். அந்த ஊரிலும் போய் நின்று ஜெர்மானியர்களுக்காகக் கேட்டார். அவ்வூராரும் கொடுத்தார்கள்.

உணவும் துணியும் போய்ச் சேர்ந்தன. ஆண்டுகள் ஓடின. பாளையத்து வாழ்க்கை முடியவில்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று குடும்பங்கள், நடுவே போர்வையைத் தொங்கவிட்டுக் குடித்தனம். அங்கே மணவாழ்க்கை எப்படி நிலைக்கும்? பிள்ளைகள் எப்படி வளரும்? வீடு இல்லாவிட்டால் குடும்பத்தைப் பற்றி நாம் சொல்லும் மறையுரை எல்லாம் காற்றோடு போகும் என்பது அந்தக் குருவுக்கு விளங்கியது. 1953-இல் அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதற்குக் கட்டுவோர் துறவுச்சபை என்று பொருள்படும் பெயர். ஆனால் அதில் சேர்ந்தவர்கள் துறவிகள் அல்லர். பெல்ஜியம், ஹாலந்து நாட்டுக் கல்லூரி மாணவர்களும் இளம் தொழிலாளர்களும். கோடை விடுமுறையில் சில வாரங்கள் ஜெர்மனிக்குப் போய், அகதிக் குடும்பங்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளில் வானம் தோண்டினார்கள், கல் சுமந்தார்கள், கலவை போட்டார்கள். கூலி இல்லை, உணவும் படுக்க இடமும் மட்டும். பகல் முழுவதும் ஒரே சுவருக்கு வேலை செய்துவிட்டு, இரவில் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். பெல்ஜியம் மாணவன் வராவிட்டால் ஜெர்மனியில் கொத்தனாருக்கா பஞ்சம்? அந்த மாணவனின் இரயில் கட்டணத்தைப் பணமாக அனுப்பியிருந்தால் சில மூட்டை சிமெண்டு கூடுதலாக வாங்கியிருக்கலாம், உண்மைதான். ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் தன் நாட்டை மிதித்தவனின் பிள்ளைக்கு வீடு கட்ட, ஒரு பெல்ஜியம் இளைஞன் தன் கையால் கல் சுமந்து நிற்பதை எந்த மணியார்டரும் செய்யாது. அங்கே ஆள் வருவதே கொடை. இன்றைய இரண்டாம் வாசகத்தில் பவுல், ஒனேசிமை இனி அடிமையாக அல்ல, அன்பான சகோதரனாக ஏற்றுக்கொள் என்று பிலமோனுக்கு எழுதுகிறாரே, அதற்காகக் கடிதம் மட்டுமா அனுப்பினார்? ஒனேசிமையே அல்லவா அனுப்பி வைத்தார்!

ஆகவே போகிறவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி: என் பணம் செய்ய முடியாத எதை என் வருகை செய்யப்போகிறது?

அடுத்து, இன்று உலகம் முழுவதும் தெரிந்த அமைப்பு ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி. கத்தோலிக்கர் தொடங்கியது அல்ல. ஆனால் அதன் வேர் விவிலியத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்கிற பாப்டிஸ்ட் போதகர் 1942-இல் கொய்னோனியா என்றொரு பண்ணையைத் தொடங்கினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உழைத்து ஒன்றாக உண்பது அங்கே வழக்கம். அந்தக் காலத்தில், அந்த மாநிலத்தில், அதற்காகவே ஊர் அவர்களை ஒதுக்கிவைத்தது. அவர்களிடம் வாங்கவோ விற்கவோ மறுத்தது. அந்தப் பண்ணைக்கு மில்லர்ட் ஃபுல்லர் என்கிற இளம் கோடீஸ்வர வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். பணம் சேர்க்கும் வேகத்தில் மணவாழ்க்கை முறியும் நிலைக்குப் போய், கணவனும் மனைவியுமாகச் சொத்தைத் துறந்துவிட்டு வந்தவர்கள். அங்கே உருவானது ஒரு திட்டம். 1973-இல் ஃபுல்லர் குடும்பத்தார் ஆப்பிரிக்காவில் அன்று சயீர் எனப்பட்ட காங்கோவின் பண்டாக்கா நகருக்குப் போய் மூன்று ஆண்டுகள் இருந்து அதே முறையில் வீடுகள் கட்டினார்கள். திரும்பி வந்து 1976-இல் இந்த அமைப்பை நிறுவினார்கள்.

திட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், வீடு இலவசம் இல்லை என்பதில். இதைக் கேட்டவுடன் நம் ஆட்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பொறுங்கள். இலாபம் வைக்காமல், வட்டி இல்லாமல் குடும்பத்துக்கு வீடு விற்கப்படுகிறது. ஏழைக்குக் கடன் கொடுத்தால் வட்டி வாங்காதே என்று விடுதலைப் பயண நூல் 22-ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளையை அவர்கள் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் சிறுகச் சிறுகக் கட்டும் தவணை, அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குப் போகிறது. அதோடு, வீடு பெறுகிற குடும்பமும் தன் வீட்டிலும் பிறர் வீட்டிலும் குறிப்பிட்ட அளவு உடலுழைப்புத் தர வேண்டும். கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்கிற நிலை இங்கே உடைகிறது. நம் பங்குகளில் வீடு கட்டிக் கொடுக்கும்போது என்ன செய்கிறோம்? கொடுத்தவர் பெயரைக் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கிறோம். அந்த வீட்டுப் பிள்ளை பெரியவனாகி, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒவ்வொரு முறையும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பார் இல்லை.

அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரும் அவர் துணைவியார் ரோசலினும் 1984-இல் நியூயார்க் நகரின் பழைய கட்டடம் ஒன்றைப் புதுப்பிக்கும் வேலையில் இந்த அமைப்போடு சேர்ந்தார்கள். அது முதல் ஆண்டுதோறும் ஒரு வாரம் ஏதாவது ஒரு நாட்டில் சுத்தியலும் கையுமாக நின்றார்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தில் லோனாவலா அருகே நூறு வீடுகள் கட்டும் பணிக்கும் வந்தார்கள். கார்ட்டருக்குத் தச்சு வேலை தெரியும் என்பது இங்கே முக்கியம். படம் எடுத்துக்கொண்டு போக வந்தவர் அல்லர் அவர். 2019-இல், 95 வயதில், வீட்டில் விழுந்து புருவத்தின் மேல் 14 தையல் போட்ட நிலையிலும், கண் வீங்கியபடியே நாஷ்வில் நகருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இதுவரை சொன்னது எல்லாம் நல்ல பக்கம். மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் அந்தத் தாய்க்கு நேர்மையாக நடந்தவன் ஆகமாட்டேன்.

சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது குருமட மாணவன். விடுமுறையில் எங்களைக் கடற்கரை ஊர் ஒன்றுக்கு வீடு கட்டும் பணிக்கு அனுப்பினார்கள். எங்களோடு வெளிநாட்டு இளைஞர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். நாங்கள் ஒரு சுவரை எடுத்துக்கொண்டோம். பாட்டுப் பாடிக்கொண்டே மாலைக்குள் ஒன்பது வரிசை ஏற்றிவிட்டோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் மூன்று வரிசைதான் இருந்தது. வயதான கொத்தனார் ஒருவர், தூக்குக்குண்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், நாங்கள் படுக்கப் போன பிறகு விளக்கு வைத்து மேலே இருந்ததைப் பிரித்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. “ஏன் பெரியவரே, எங்களிடம் சொல்லியிருக்கலாமே” என்றேன். அவர், “பிள்ளைங்க சந்தோசமா செஞ்சீங்க, அதைக் கெடுக்க வேணாம்னு பார்த்தேன் தம்பி. ஆனா இதுக்குள்ள ஒரு குடும்பம் படுக்கணும்ல” என்றார். அவருடைய இரண்டு மகன்கள் வேலை இல்லாமல் அதே ஊரில் உட்கார்ந்திருந்தார்கள் என்பது நாங்கள் கிளம்பும் நாளில்தான் எனக்குத் தெரிய வந்தது. அவர்களும் கொத்தனார்கள்.

அன்று முதல் நான் இதை அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. அந்தப் பெரியவருக்கு நாங்கள் இரட்டை வேலை வைத்தோம். அவருடைய பிள்ளைகளின் கூலியை எங்கள் இலவச உழைப்பு தின்றது. அந்தத் தாய் சொன்ன ஒன்றரை இலட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக் கூலிக்கு, கொத்தனார் ஒருவருக்கு ஏறக்குறைய நூற்றிருபது நாள் சம்பளம். கல்லூரிப் பெண் இரண்டு வாரத்தில் அதைப்போல வேலை செய்துவிட முடியாது. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நல்ல அமைப்புகள் இதை அறிந்தே இருக்கின்றன. அடித்தளம், நிலை வைப்பது, கம்பி கட்டுவது, கூரை போன்ற வேலைகளை உள்ளூர்த் தொழிலாளர்களிடம் கூலி கொடுத்து ஒப்படைத்துவிட்டு, மண் அள்ளுவது, கல் எடுத்துக் கொடுப்பது, சலிப்பது, வண்ணம் அடிப்பது போன்ற கையாள் வேலையையே தொண்டர்களுக்குத் தருகின்றன. வந்தவர் உள்ளூர்க் கொத்தனாருக்குச் சித்தாளாக நிற்க வேண்டும். அவருக்கு மேஸ்திரியாக அல்ல. இது தலைகீழாகிற இடத்தில்தான் எல்லாக் கேடும் வருகிறது.

தாழ்ந்து கற்றுக்கொண்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நம் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்து, கட்டடக்கலை படித்து, 1945-இல் தொழுநோயாளர் பணிக்காக இந்தியா வந்தவர். கட்டடங்களைப் பற்றித் தமக்கு எல்லாம் தெரியும் என்று வந்தவர், இமயமலையில் பித்தோராகர் பக்கத்துக் கிராமத்தில் தம் படிப்பு உதவாது என்று கண்டார். அங்குள்ள கல்லும் மண்ணும் மரமும் அவர் படித்த புத்தகத்தில் இல்லை. ஊர்க் கொத்தனார்களிடம் உட்கார்ந்து கற்றார்; பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். வீட்டுக்குத் தேவையான பொருள் எல்லாம் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதை வாழ்நாள் முழுவதும் பிடித்துக்கொண்டார். பிறகு கேரளத்துக்கு வந்து, செங்கலை நிமிர்த்தி வைத்து நடுவில் வெற்றிடம் விடும் எலிப்பொறிக் கட்டு முறையைப் பரப்பினார். அதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நம் நாட்டுக் குடியுரிமை பெற்று, 2007-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். எல்லாரும் பேக்கர் ஆக முடியாதுதான். இரண்டு வாரம் போகிறவர் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது, கேட்டுக் கற்கும் அந்தக் காது.

இன்னொரு நாட்டையும் சொல்லிவிடுகிறேன். தென் அமெரிக்காவில் சிலி. 1997-இல் அங்கே பல்கலைக்கழக மாணவர்கள், இயேசு சபையினரின் துணையோடு, சேரிக் குடும்பங்களுக்கு அவசர வீடு கட்டும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலத்தில் ஒரு மர வீடு. சுவர்ப் பலகைகள் தயாராக வரும். முதல் நாள் பாதிக்கு மேல், தரையில் மரத்தூண்களை ஒரே மட்டத்தில் நடுவதிலேயே போய்விடும். நம் கொத்தனார்கள் தண்ணீர்க் குழாய் பிடித்து மட்டம் பார்ப்பார்களே, அதே முறைதான். இரண்டு நாளில் வீடு நிற்கும். அது நிரந்தர வீடு அல்ல. மழைக்கு ஒதுங்க ஓர் இடம். அந்த இயக்கம் பிற்பாடு பல நாடுகளுக்குப் பரவியது. ஆனால் தொடங்கியபோது அந்த மாணவர்கள் கடல் எதையும் தாண்டவில்லை. தங்கள் நகரத்திலேயே, தங்கள் வீட்டு வேலைக்காரம்மா வசிக்கும் தெருவுக்குப் போனார்கள். சில நேரங்களில் அதுதான் கடலைவிட அகலமான தூரம்.

இந்த எண்ணத்தோடு அந்தத் தாயின் எண்ணைத் தேடி எடுத்து, மகளிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். பிள்ளை தயங்கித் தயங்கித்தான் பேசினாள். “உன் அம்மா கேட்பதை நானும் கேட்கிறேன் அம்மா. தெருமுனை வீட்டுக்கு ஏன் போகவில்லை?” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: “ஃபாதர், கம்போடியால நான் மண்ணு சுமந்தா தொண்டுன்னு சொல்லுவாங்க. எங்க தெருவுல சுமந்தா, படிக்க வச்ச பிள்ளை சித்தாள் வேலைக்குப் போயிட்டான்னு அப்பாகிட்ட வந்து கேப்பாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி சொல்லுவாங்க. நான் ஒரு தடவ அந்த அக்கா வீட்டுக்குப் போயி தார்ப்பாயைக் கட்ட ஏணில ஏறினேன். எங்க அம்மாதான் வந்து இறங்குடின்னு கூட்டிட்டுப் போனாங்க.”

கடிதத்தில் இது இல்லை, நேயர்களே.

அந்தத் தாயைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. வானொலியில் சொல்வதற்கு இருவரிடமும் ஒப்புதல் பெற்றேன். நம் ஊர்களில் கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை ஆயிரம்! கோயில் கட்டும்போது சாந்துச்சட்டி சுமந்தவர்கள் அவர்கள்தான். அந்த வேலையை இழிவாக வைத்திருக்கிறோம். அதே வேலையை விமானத்தில் ஏறிப் போய்ச் செய்தால் பாராட்டு விழா நடத்துகிறோம். பிள்ளை தன் ஊரில் செய்ய முடியாததைச் செய்யவே வெளிநாடு போக நினைக்கிறாள் என்றால், குறை அவளிடம் மட்டும் இல்லை.

அதற்காக உடனே பெட்டியைக் கட்டு என்றும் நான் சொல்லவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார் என்று நற்செய்தி சொல்கிறது அல்லவா? சில விவரங்களைக் கேட்டேன். வீடு கட்டப்படும் நிலம் யார் பெயரில் இருக்கிறது? நிலம் குடும்பத்துக்கு உறுதியாகாமல் சுவர் எழுப்பினால், நாளைக்கு நிலத்தின் விலை ஏறியதும் குடும்பம் வெளியே, வீடு வேறொருவருக்கு. நம் ஊரில் பட்டா இல்லாத வீட்டின் கதி நமக்குத் தெரியாததா? அடுத்து, குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அந்தக் குடும்பமும் வேலையில் சேர்கிறதா? கட்டுகிற பணத்தில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது, எவ்வளவு உன் தங்கலுக்கும் ஊர் சுற்றலுக்கும் போகிறது? கணக்கைக் காட்டத் தயங்குகிற நிறுவனம் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அங்கே மேஸ்திரி யார், உள்ளூர்க் கூலியாட்கள் எத்தனை பேர்? தொண்டர் ஊர் திரும்பிய பின் வீட்டில் விரிசல் விட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்கள்? எந்த வகை விசா? சில நாடுகளில் சுற்றுலா விசாவில் போய்த் தொண்டு வேலை செய்வது சட்ட மீறல். பிடிபட்டால் சிக்கல் உனக்கு மட்டும் இல்லை, அழைத்த குடும்பத்துக்கும்தான். காப்பீடு, தடுப்பூசி இவற்றை அவளே விசாரித்து வைத்திருந்தாள், பாராட்ட வேண்டும்.

பிள்ளைகளோடு விளையாடுவதும் படம் எடுப்பதும் முகாமின் பகுதியா என்றும் கேட்டேன். ஒரு குடும்பம் தன் வறுமையோடு நிற்கும்போது அதைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்புவது, அந்த வாசல் கல்லைப் போன்றதே. அவள், படம் எடுக்கக் கூடாது என்று விதி இருப்பதாகச் சொன்னாள். அது நல்ல அடையாளம்.

நிலம் யார் பெயரில் என்ற கேள்விக்கும், கூலியாட்களைப் பற்றிய கேள்விக்கும் அவளிடம் பதில் இல்லை. நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாள். பங்கில் பணம் கேட்பதைப் பற்றி நான் என் கருத்தைச் சொன்னேன்: பங்குப் பணத்தை இதற்குக் கேட்காதே, ஓராண்டு தள்ளிப் போனாலும் உன் சம்பாத்தியத்தில் போ. அதற்குள் ஒரு கொத்தனாரிடம் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் எதற்கு என்று தெரியாமல் போகாதே. அப்படிக் கற்றுக்கொள்ள ஒரு சுவர் வேண்டுமே என்றாள். உன் தெருவிலேயே விழுந்து கிடக்கிறதே அம்மா என்றேன். சிரித்தாள்.

தாயிடமும் பேசினேன். ஏணியிலிருந்து இறக்கியது நினைவில் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “இருக்கு சாமி. அவங்க அப்பா பாத்தா ஏசுவாருன்னு பயந்துட்டேன்” என்றார். அன்பியத்தில் இன்னும் எவ்வளவு பணம் குறைகிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். அந்தப் பங்குத்தந்தை எனக்கு வகுப்புத் தோழர். வரும் சனிக்கிழமை நான் அந்த ஊருக்குப் போகிறேன். வாலிபர் குழுவில் வேலைக்கு வர எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டேன். நான்கு பேர் என்றார். நான்கில் மூன்று பேர் பெண் பிள்ளைகளாம்.